தகுதிப் பேச்சும் நியமன ஆசனமும்

(திருவண்ணாமலைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் 'சோ' ராமசாமியைப் பற்றிப் பேசுவேன் என்று நோட்டீசில் போட்டுவிட்டார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி டீ குடித்த இடத்திலேயே ஒரு நண்பர் அந்த நோட்டீசை நீட்டி, "செத்துப்போன மனிதரைப் பற்றி இப்போது என்ன பேச்சு? உயிரோடிருந்தால் பதிலாவது சொல்லுவார்" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அவர் 2016 டிசம்பர் 7ந் தேதி காலமாகிவிட்டார். ஆனால் அவர் பேசிவந்த பேச்சு சாகவில்லையே! "ஜாதியைப் பார்க்காதே, தகுதியைப் பார்" என்று இன்றைக்கும் படித்தவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அந்தச் சரக்கை இந்த நாட்டில் வெகு சாமர்த்தியமாக, சிரிக்கச் சிரிக்க விற்றவர்களில் அவர் ஒருவர். ஆதலால் நான் பேச வந்தது அந்தச் சரக்கைப் பற்றியே ஒழிய, மனிதரை வைவதற்கல்ல. வைகிறவர்கள் கூட்டத்துக்குத்தான் வந்தோம் என்று யாராவது எண்ணி வந்திருந்தால் அவர்களுக்கு ஏமாற்றம்தான்.

முதலில் அவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1934இல் சென்னையில் பிறந்தவர். வக்கீல் குடும்பம், தாமும் வக்கீலுக்குப் படித்தவர், ஒரு பெரிய கம்பெனிக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர். அப்புறம் நாடகம், சினிமா, பத்திரிகை. 1968இல் 'முகமது பின் துக்ளக்' என்று ஒரு நாடகம் போட்டார். செத்துப்போன துக்ளக் மறுபடி வந்து தேர்தலில் நின்று, பிரதம மந்திரியாகி, பாரசீக மொழியை ஆட்சி மொழியாக்கி, கட்சி மாறி வருகிறவனுக்கெல்லாம் பதவி கொடுப்பதாகக் கதை. 1971இல் அது சினிமாப் படமாகவும் வந்தது. 1970 ஜனவரியில் 'துக்ளக்' என்ற பேரிலேயே பத்திரிகையும் தொடங்கிவிட்டார். 1999இல் வாஜ்பாய் மந்திரிசபை இருந்தபோது ராஜ்ய சபைக்கு நியமன அங்கத்தினராக அனுப்பப்பட்டு, 2005 வரை ஆறு வருஷம் இருந்தார். ஒரே தடவைதான். செத்தபிறகு 2017இல் பத்மபூஷண் கொடுத்தார்கள்.

அவரிடம் இருந்த நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 1975 ஜூன் 25ந் தேதி இந்திரா காந்தி அம்மையார் நெருக்கடி நிலையைக் கொண்டு வந்து பத்திரிகைகளுக்கெல்லாம் வாய்ப்பூட்டுப் போட்டபோது, பெரிய பெரிய பத்திரிகைக்காரர்கள் எல்லாம் குனிந்த தலை நிமிராமல் இருந்த காலத்தில், இவர் தம் பத்திரிகைக்குக் கறுப்பு அட்டை போட்டு வெளியிட்டார். நம்முடைய ஆட்கள் 'மிசா'வில் ஜெயிலில் கிடந்த காலம் அது. அந்தத் தைரியத்தை இல்லையென்று சொன்னால் அது நமக்குத்தான் அவமானம்.

இன்னொன்றும் சொல்லுகிறேன், நம்மவர்களுக்குச் சற்றுக் கசக்கும். 1971 ஜனவரியில் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலம் நடந்தது. அந்தப் படங்களைத் 'துக்ளக்' போட்டது. அப்போதைய சர்க்கார் பத்திரிகையைப் பறிமுதல் செய்தது. அது தப்பு. எதிரி எழுதினால் பதில் எழுத வேண்டுமே தவிர, போலீசை அனுப்புவது பகுத்தறிவுக்காரன் வேலையல்ல. அதற்குத் தேவையும் இல்லை. அந்தப் படங்களை ஊரெல்லாம் காட்டிய பிற்பாடும், 1971 மார்ச்சில் ஜனங்கள் தி.மு.க.வுக்கு 234இல் 184 இடம் கொடுத்தார்களா இல்லையா? 2020 ஜனவரியில் துக்ளக் ஆண்டு விழாவில் சினிமா நடிகர் ரஜினிகாந்த் அந்தச் சேலத்துச் சங்கதியையே மறுபடி எடுத்துப் பேசினார் என்றால், செத்தவர் பேச்சு சாகவில்லை என்று நான் சொன்னது சரிதானே!

நிற்க. அவருடைய அபிப்பிராயங்கள் என்ன? பழமையை அவர் மூடி மறைத்தவர் அல்ல. பெண் விடுதலைப் பேச்சைக் கேலி செய்தார். குடும்பம், கடமை என்ற பழைய வழியையே உயர்வாகப் பேசினார். ஜாதியை வைத்து இடம் ஒதுக்குவதைத் தாக்கினார். அதனால் தகுதி கெடும், ஜாதி வளரும் என்பது அவருடைய கட்சி. ஓட்டுப் போடுகிற பாமர ஜனங்களைப் பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை, அந்தத் துக்ளக் நாடகமே போதும். கேலிக்கு ஆளான மந்திரிகள் கேலிக்கு யோக்கியதை உள்ளவர்கள்தான், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு கடைசியில் போய் விழுகிற இடம் எது? ஓட்டுப் போட்டவன் தலையில்!

இப்போது அந்த ஆசனத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அரசியல் சட்டத்தின் 80ஆவது பிரிவில், ராஜ்ய சபைக்கு 12 பேரை ஜனாதிபதி நியமிக்கலாம் என்று இருக்கிறது. இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூக சேவை இவற்றில் விசேஷ அறிவோ அனுபவமோ உள்ளவர்களாக இருக்க வேண்டுமாம். இதற்குப் பரீட்சை உண்டா? இல்லை. மார்க்கு உண்டா? இல்லை. ஓட்டு? அதுவும் இல்லை. மந்திரிசபை சிபார்சு செய்யும், ஜனாதிபதி கையெழுத்துப் போடுவார், தீர்ந்தது சங்கதி. தேர்தலில் நின்றால் தோற்றுவிடக்கூடிய அறிவாளிகளுக்கும் கலைஞர்களுக்கும் சபையில் இடம் வேண்டுமே என்று தனியாக எடுத்து வைத்த இடங்கள் இவை. இப்படித் தனியாக எடுத்து வைத்த இடத்துக்குத் தமிழில் என்ன பெயர், தோழர்களே? இட ஒதுக்கீடு!

நான் இந்த ஏற்பாட்டையே கூடாதென்று சொல்ல வரவில்லை. போட்டியில் வரமுடியாத ஒருவருடைய குரலும் சபையில் கேட்க வேண்டும் என்று நினைப்பது நல்ல நியாயம்தான். ஆனால் அதே நியாயத்தை ஒரு செருப்புத் தைக்கிறவர் மகனும், களை எடுக்கிற அம்மாள் மகளும் மெடிக்கல் காலேஜ் வாசலில் நின்று சொன்னால் மட்டும் அது தகுதிக் குறைவு ஆகிவிடுமா? 1912இல் இந்த மாகாணத்தில் ஜில்லா முனிசீப்புகளில் 100க்கு 72 பேர் பார்ப்பனர்கள். ஜனத்தொகையில் அவர்கள் 100க்குச் சுமார் 3 பேர். அப்போது அதைத் தகுதி என்றார்கள். 2019இல் முன்னேறிய ஜாதியிலுள்ள ஏழைகளுக்கு என்று 100க்கு 10 இடம் ஒதுக்கி அரசியல் சட்டத்தையே திருத்தினார்களே, அப்போது 'தகுதி போச்சு' என்று தெருவுக்கு வந்து கத்தினவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இட ஒதுக்கீட்டால்தான் ஜாதி வளருகிறது என்கிறார்களே, நம் ஜில்லாவிலேயே ஒன்று காட்டுகிறேன். தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் சர்க்கார் வசமுள்ள அம்மன் கோவிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் சுமார் 80 வருஷமாகப் போக முடியாமல் இருந்து, 2023 ஜனவரி 30ந் தேதிதான் கலெக்டரும் போலீசும் துணைக்கு வர உள்ளே போனார்கள். கோவிலுக்குள் போனால் அவர்களுக்கு மோட்சம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதவை 80 வருஷம் சாத்தி வைத்தது எந்த இட ஒதுக்கீடு?

இனி நியமனம் பெற்ற இன்னொருவரைப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் புதுக்கோட்டையில், தேவதாசிக் குலத்துத் தாயாருக்குப் பிறந்தவர். 1912இல் சென்னை மெடிக்கல் காலேஜில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1926-27 வாக்கில் அவரும் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் செய்யப்பட்டவர்தான். அவருக்கும் யாரும் ஓட்டுப் போடவில்லை. அங்கே போய் என்ன செய்தார்? கோவிலில் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். சத்தியமூர்த்தி போன்ற பெரிய வக்கீல்கள் எல்லாம் சாஸ்திரம், கலை, சம்பிரதாயம் என்று குறுக்கே நின்றார்கள். 1929இல், கோவில் ஊழியத்துக்காக விட்ட மானியத்திலிருந்து அந்தப் பெண்களை விடுவித்து, நிலத்தை அவர்களுக்கே ஆக்கும் சட்டம் வந்தது. 1930இல் காந்தியார் கைதானதைக் கண்டித்து ராஜினாமாச் செய்துவிட்டார். பொட்டுக் கட்டுவதையே அடியோடு தடுக்கிற சட்டம் 1947இல் வந்தது. கோபுரம் உள்ள இந்த ஊரில் இருக்கிற உங்களுக்கு இதன் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஓட்டில்லாத ஆசனம் இரண்டு பேருக்கும் கிடைத்தது. ஒருவர் அந்த ஆசனத்திலிருந்து, தம் தாயாரைப் போன்றவர்களின் கழுத்துக் கயிற்றை அறுத்தார். மற்றவர் தமக்குக் கிடைத்த விசேஷ ஆசனத்தைத் தகுதி என்றும், பிறர் கேட்ட ஆசனத்தைச் சலுகை என்றும் நினைக்கிற கட்சியில் இருந்தார். அவருக்கு அறிவு இல்லாமல் போகவில்லை. நம்மில் பலரை விட அறிவாளி. அந்த அறிவு எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. பிறவி உயர்வு ஒன்றின் முன்னால் மட்டும் கைகட்டி நின்றது.

ஆனால் அவரே ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார். 'எங்கே பிராமணன்' என்று ஒரு கதை எழுதினார், டெலிவிஷனிலும் வந்தது. பிராமணன் என்பது பிறப்பினால் அல்ல, குணத்தினாலும் நடத்தையினாலும் என்பது அதன் சாரம். ரொம்ப சரி! அப்படியானால் இந்தத் திருவண்ணாமலையிலேயே ஒரு சங்கதி நடந்ததே! எல்லா ஜாதியாரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 2006இல் உத்தரவு வந்து, 2007இல் ஆறு ஊர்களில் அர்ச்சகர் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அதில் ஒன்று இந்த ஊர். பல ஜாதிப் பிள்ளைகள் ஓராண்டுக்கு மேல் ஆகமம் படித்தார்கள், மந்திரம் படித்தார்கள், பரீட்சை கொடுத்துத் தேறினார்கள், தீட்சையும் வாங்கினார்கள். மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் படித்தது படிப்புத்தானே? ஆறு ஊரிலும் சேர்ந்து இருநூறு பேருக்கு மேல். அவர்களுக்கு வேலை கிடைத்ததா? மதுரைச் சிவாச்சாரியார் சங்கத்தார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். 2015 டிசம்பரில்தான் தீர்ப்பு. அதுவும் ஆகமப்படி பார்த்து நியமியுங்கள் என்று சொல்லி விட்டது. 2018இல் மதுரையில் ஒருவர் நியமனமானார். 2021 ஆகஸ்டில் இன்னும் கொஞ்சம் பேர் ஆனார்கள். இருபது வயதில் படித்து முடித்தவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. நடுவில் பலர் கிடைத்த வேலைக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பிள்ளைகளிடம் பரீட்சைச் சர்டிபிகேட் இருந்தது. தகுதி வேண்டும் தகுதி வேண்டும் என்கிறவர்கள் இவர்களுக்காக அல்லவா முதல் ஆளாக வந்து வாதாடியிருக்க வேண்டும்? ஒருவரும் வரவில்லை. கோர்ட்டில் பேசப்பட்ட கேள்வி 'எவ்வளவு படித்தாய்' என்பதல்ல. 'எந்த வகுப்பில் பிறந்தாய்' என்பதே.

இந்த ஊரில் படித்துத் தேறிவிட்டு இன்னும் காத்திருக்கிறவர்கள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், மேடைக்கு வந்து தங்கள் கதையைத் தாங்களே சொல்லும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். நான் சொல்லுவதை விட அது நன்றாக இருக்கும். தண்டராம்பட்டு, செங்கம் பக்கத்துத் தோழர்களுக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால் நான் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறேன்.