இணையவழிப் பட்டப்படிப்பும் நம் கழகத்தின் கடமையும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

'இணையவழியாகப் பெறும் பொதுப் பட்டம் நம் இளைஞர்களுக்குப் பயன்படுமா?' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். காலத்திற்கு ஏற்ற பொருள் இது. மேல்நிலைத் தேர்வில் தேறியும் குடும்பச் சுமையால் வேலைக்குச் சென்றுவிட்ட தம்பிமார்கள் நம் தெருக்களில் பலர் உள்ளனர். திருமணத்தோடு படிப்பு நின்றுபோன தங்கையரும் உள்ளனர். இவர்கள் கையில் இருக்கும் தொலைபேசியில் நாள்தோறும், "வீட்டிலிருந்தபடியே பட்டம் பெறலாம்" என்ற விளம்பரம் வருகின்றது. அதை நம்பலாமா, தள்ளிவிடலாமா என்ற ஐயப்பாட்டைத் தீர்த்துவைப்பது கற்றவர்களின் கடமையாகும்.

பகலெல்லாம் உழைத்துவிட்டு எஞ்சிய நேரத்தில் கற்பது நமக்குப் புதிதன்று. உழைக்கும் மக்களுக்கென மகாத்மா ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் அம்மையாரும் பூனாவில் இரவுப் பள்ளி திறந்தது 1855ஆம் ஆண்டில். கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியை நிறுவியது 1894இல். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது 1916இல். அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, 1944இல், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவரின் உயர்கல்விக்கு உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தது. இவர்கள் அனைவரும் செய்த பணி ஒன்றே. கல்விக்கூடத்தின் வாயிலுக்கு வர இயலாதவனிடம் கல்வியைக் கொண்டுசென்றார்கள். அத்தோடு அவன் அமர்ந்து படிக்க இடமும், உடன் படிக்கத் தோழரும் உண்டாக்கித் தந்தார்கள். இந்த இரண்டாவது செய்தியை நீங்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன். இன்று நான் சொல்லவிருப்பது அதைப் பற்றியதேயாகும்.

இணையவழிப் பட்டம் திடீரென வந்த ஒன்றன்று. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அவ்வழியில் இறங்கின. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஐதராபாத்தில் தோன்றிற்று; இன்று அது டாக்டர் அம்பேத்கரின் திருப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அமைந்தன. 2017இல் நடுவண் அரசு 'ஸ்வயம்' என்னும் இணையப் பாடத் தளத்தைத் திறந்தது. முழுப் பட்டத்தையும் இணையவழியே வழங்குவதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் 2018இல் வந்து, 2020இல் திருத்தி அமைக்கப்பட்டன.

இப்படிப்பு எவ்வாறு நடைபெறுகின்றது? ஆசிரியரின் விரிவுரை ஒளிப்படமாக வரும். படிப்பதற்குப் பாடநூல் மின்வடிவில் வரும். ஐயங்களைக் கேட்க ஓர் உரையாடல் பகுதி உண்டு. கற்றதைத் தாமே சோதித்துக்கொள்ள வினாக்கள் உண்டு. பருவ முடிவில் கண்காணிப்புடன் தேர்வு நடைபெறும். மருத்துவம், பொறியியல், சட்டம், செவிலியம், மருந்தியல் போன்றவற்றை இவ்வழியில் நடத்த மானியக் குழு இசைவு தரவில்லை. ஆகவே, "இணையவழியில் செவிலியர் பட்டம்" என எவரேனும் சொன்னால், அங்கேயே அவரை நிறுத்திவிடுங்கள்.

வரலாறு, அரசியல், பொருளாதாரம், சமூகவியல், பொது நிர்வாகம், மொழி ஆகியவற்றைக் கலந்து கற்பிக்கும் பொதுப் பட்டத்தைச் சிலர் இளக்காரமாகப் பேசுவதுண்டு. அவ்வாறு பேசுவது முறையன்று. அரசியல் சட்டம் நமக்கு அளித்துள்ள உரிமை யாது, ஊராட்சியின் வரவு செலவு எவ்வாறு எழுதப்படுகின்றது, நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பனவற்றையெல்லாம் அறிந்தவனை எந்த அலுவலகமும் எளிதில் திருப்பி அனுப்பிவிட முடியாது. மேலும், ஒன்றிய அரசின் குடிமைப் பணித் தேர்வுக்கும், தமிழ்நாடு தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். அத்தேர்வுகளில் கேட்கப்படும் பொது அறிவுப் பகுதியின் பெரும்பங்கு இப்பாடங்களே. ஆனால் ஒன்று: பள்ளி ஆசிரியராக விரும்புவோர் கலவைப் பட்டத்தை நாடாமல், பள்ளிப் பாடம் ஒன்றை முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இளைஞர்களே! இவ்விடத்தில் நான் ஒரு செய்தியை அழுத்தமாகக் கூற விரும்புகிறேன். கல்லூரியில் இடம் கிடைக்கக்கூடிய பிள்ளை கல்லூரிக்கே செல்லட்டும். தமிழ்நாட்டில் பட்டியல் வகுப்பினர்க்கு 18 விழுக்காடும், பழங்குடியினர்க்கு 1 விழுக்காடும் இடஒதுக்கீடு உள்ளது. அரசு விடுதியும் உதவித்தொகையும் உள்ளன. இவை போராடிப் பெற்றவை. "வீட்டிலிருந்தே படிக்கலாமே, விடுதி எதற்கு?" என்று சொல்லி, நம் பிள்ளைகளை அந்த இடங்களிலிருந்து மெல்ல விலக்கிவிடும் பேச்சுக்கு நாம் செவி கொடுத்தல் ஆகாது. கல்லூரியின் நூலகமும், ஆய்வுக்கூடமும், பல ஊர் மாணவரோடு பழகும் பழக்கமும் தொலைபேசித் திரையில் கிடைப்பனவல்ல. வேலையை விட இயலாதோர், வீட்டை விட்டு அகல இயலாதோர், வயது கடந்தும் ஆர்வம் குன்றாதோர் ஆகியோர்க்கே இணையவழிப் பட்டம் உரியது. அவர்களுக்கு அது பெரும் வாய்ப்பாகும் என்பதில் ஐயமில்லை.

அவ்வாறு சேர விரும்புவோர் நினைவில் கொள்ள வேண்டியவை நான்கு.

முதலாவது, ஏற்பு. குறிப்பிட்ட பல்கலைக்கழகம், குறிப்பிட்ட படிப்பை, குறிப்பிட்ட ஆண்டில் இணையவழியே நடத்த மானியக் குழுவின் இசைவு பெற்றுள்ளதா என்பதை, அக்குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்தல் வேண்டும். பல்கலைக்கழகம் பெயர்பெற்றது என்பது மட்டும் போதாது. அவ்வாறு இசைவு பெற்ற படிப்பின் பட்டம், கல்லூரியில் நேரடியாகப் பெறும் பட்டத்திற்கு இணையானதே என மானியக் குழு 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தெளிவுபடுத்தியுள்ளது.

இரண்டாவது, இடைத்தரகர். தன் படிப்பை நடத்தும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் வேறொரு நிறுவனத்திற்குக் குத்தகை விடுதல் விதிப்படி கூடாது. ஆதலின் விண்ணப்பமும் கட்டணமும் நேராகப் பல்கலைக்கழகத்தின் தளத்திற்கே செல்லட்டும். 2024 முதல், சேர்க்கைக்கு முன் மாணவர் ஒவ்வொருவரும் மானியக் குழுவின் தளத்தில் டி.இ.பி. அடையாள எண் பெறுதல் வேண்டும். அதை உங்கள் கையாலேயே பெறுங்கள். எவரிடமும் சான்றிதழ்களை ஒப்படைக்காதீர்கள்.

மூன்றாவது, படிப்பின் வரிசை. பத்தாம் வகுப்பும் மேல்நிலைப் படிப்பும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெறும் பட்டம், தமிழக அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என 2009ஆம் ஆண்டு அரசாணை கூறுகின்றது. இதை அறியாமல் ஆண்டுகளையும் பணத்தையும் இழந்தால், அந்த இழப்பை ஈடுசெய்ய வழியில்லை. மேல்நிலைத் தேர்வை முடிக்காதவர் முதலில் அதைத் தனித்தேர்வராக எழுதி முடிக்கட்டும். பட்டம் பிறகு வரட்டும்.

நான்காவது, பணம். பத்தாம் வகுப்பிற்குப் பிந்தைய படிப்புக்கான நடுவண் அரசின் உதவித்தொகை, ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத பட்டியல் வகுப்புக் குடும்பங்களுக்கு உரியது. தொலைநிலையில் படிப்போரையும் அத்திட்டம் விலக்கவில்லை. சேர்ந்த பின் அலைவதை விட, சேருமுன் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திற்குச் சென்று விண்ணப்பிக்கும் முறையைக் கேட்டறிதல் நன்று.

இவ்வளவும் சரியாக அமைந்துவிட்டாலும், பெரிய தடை ஒன்று எஞ்சி நிற்கின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 'கிரெடிட்' வேண்டும். ஒரு கிரெடிட் என்பது தொலைநிலைக் கல்வியில் 30 மணி நேரப் படிப்பு. மொத்தம் 3,600 மணி நேரம். ஆண்டுக்கு 1,200 மணி; நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றேகால் மணி. விடியலில் கட்டட வேலைக்குப் புறப்பட்டு, இருட்டிய பின் திரும்புகின்றவன் இந்த மூன்றேகால் மணியை எங்கே தேடுவான்? ஓரறை வீட்டில், சமையலும் பிள்ளையின் அழுகையும் தொலைக்காட்சியும் சூழ்ந்திருக்க, ஒரு பெண் எந்த மூலையில் அமர்ந்து விரிவுரை கேட்பாள்? இந்திரா காந்தி பல்கலைக்கழகம் போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டு வரை நீட்டி முடிக்கலாம். அப்போது நாளொன்றுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் போதும். ஆனால் அந்த நேரமும் நாள் தவறாமல் வாய்க்க வேண்டும். தனியே படிப்பவன் பாதியில் நிற்பதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. அமர இடமில்லை, கேட்க ஆளில்லை, "இன்று ஏன் வரவில்லை?" என்று வினவ ஒருவரும் இல்லை.

பெரியோர்களே! இங்கேதான் நம் கழகத்தின் கடமை தொடங்குகின்றது. பல்கலைக்கழகம் பாடத்தை அனுப்பிவிடும். அமர்ந்து படிக்கும் இடத்தையும் தோழரையும் அதனால் அனுப்ப முடியாது. அவற்றை நாம் தர முடியும். இவ்வெள்ளி விழா ஆண்டில் கழகம் மேற்கொள்ளத்தக்க சில பணிகளை உங்கள் முன் வைக்கின்றேன்.

நம் படிப்பகம் மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும் வழக்கம் மாறட்டும். உழைத்துத் திரும்புவோர்க்காக இரவு ஏழு முதல் பத்து வரை அது திறந்திருக்கட்டும். பெண்கள் வந்து படிக்கப் பிற்பகலில் தனி நேரம் ஒதுக்கப்படட்டும். அந்நேரத்தில் அவர்தம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நம் மாதர் குழுவினர் முன்வரட்டும். இரண்டு கணிப்பொறிகளும் நல்ல இணைய இணைப்பும் வாங்குவதற்கு விழா நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குவோம். தொலைபேசித் திரையில் விரிவுரை கேட்கலாம். கட்டுரை எழுதவும் தேர்வு எழுதவும் அது போதாது.

ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு கூடட்டும். நம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உள்ளனர். அரசு ஊழியர்கள் உள்ளனர். அவர்கள் முழுப் பாடமும் நடத்த வேண்டுவதில்லை. அந்த வாரப் பாடத்தில் விளங்காததை விளக்கினால் போதும். ஆங்கிலப் பாடநூலைக் கண்டு அஞ்சுவோர்க்கு, அதைத் தமிழில் எடுத்துரைத்தால் பாதி அச்சம் நீங்கும். சேர்ந்துள்ள மாணவர் பெயர்களை ஒரு பதிவேட்டில் குறித்து, கட்டணம் கட்ட வேண்டிய நாள், தேர்வு நாள் ஆகியவற்றைக் கழகமே நினைவூட்டட்டும். இரண்டு வாரம் ஒருவர் வரவில்லையென்றால், அவர் வீட்டுக்கு ஒருவர் செல்லட்டும். கட்டணத் தவணை தவறும் நிலை வந்தால், வட்டியில்லாக் கைமாற்று கொடுக்க ஒரு சிறு நிதி இருக்கட்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் தேவையில்லை. மனம் வேண்டும், ஒழுங்கு வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கழகத்தைக் கட்டிக்காத்த உங்களிடம் அவை இரண்டும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். பட்டம் பெற்றவுடன் படிப்பகத்தை மறந்துவிடாதீர்கள். நீங்கள் அமர்ந்து படித்த இருக்கையில் அடுத்தவரை அமர்த்துங்கள். உங்கள் குறிப்பேடுகளை அவர்களுக்குக் கொடுங்கள். முதலாண்டு ஐந்து பேர் சேர்ந்து, அந்த ஐவரும் முடித்தார்களென்றால், அதுவே இவ்விழாவின் பயன் என்று கொள்வேன். ஐம்பது பேர் சேர்ந்து நாற்பது பேர் நின்றுவிடுவதை விட அது மேலானது.