ஃபைல் போயிடுச்சா? பதறாதீங்க!

 

"மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுப்பா" என்று சங்கத்துச் செயலாளர் சொன்னார். இறுதியாண்டுத் தம்பிகளுக்கு இதைவிட அவசரமான விஷயம் இருக்காது என்று எண்ணி, வைரஸ் தாக்கிய பிறகு ஃபைல்களை மீட்பது எப்படி என்பதை எடுத்துக்கொண்டேன்.

நாளைக்குப் புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கணும். ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைச் செருகி நாலு பக்கம் பிரிண்ட் எடுத்தீர்கள். விடுதிக்கு வந்து திறந்தால், ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டுகள்! பக்கத்து அறை நண்பன் என்ன சொல்வான்? "ஃபார்மேட் பண்ணிடு மச்சான், வைரஸ் போயிடும்." போய்விடும், உண்மைதான். கூடவே ரிப்போர்ட்டும் போய்விடும். பல சமயம் வைரஸ் செய்கிற சேதத்தைவிட, பதற்றத்தில் நம் கை செய்கிற சேதம்தான் பெரிது.

ஆகவே எதையும் தொடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: வைரஸ் என் ஃபைலை என்ன செய்திருக்கிறது? ஒளித்திருக்கலாம், அழித்திருக்கலாம், உருமாற்றியிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, ஒளிப்பது. ஷார்ட்கட் வைரஸ் இந்த வகை. விண்டோஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 'மறைவு', 'சிஸ்டம்' என்று சில குறிகள் உண்டு. வைரஸ் அவற்றைப் போட்டு உங்கள் ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கிறது. அழுத்தினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். அதனால் பல நாள் சந்தேகமே வராது. டிரைவின் பிராப்பர்ட்டீஸைப் பாருங்கள். வெறும் ஷார்ட்கட்டுகள் தெரிகிற டிரைவில் பாதி இடம் நிரம்பியிருந்தால், சரக்கு பெரும்பாலும் உள்ளேதான் இருக்கு!

ஷார்ட்கட்டை அழுத்தாதீர்கள். லினக்ஸ் போட்ட கணிப்பொறி கிடைத்தால் அதில் செருகுங்கள். விண்டோஸின் மறைவுக் குறியை அது சட்டை செய்யாது. ஃபோல்டர்கள் தெரியும், வேண்டியதை நகலெடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ்தான் இருக்கிறது என்றால், சுத்தமான கணிப்பொறியில் ஆன்ட்டிவைரஸால் டிரைவைச் சோதியுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் 'அட்ரிப்' என்ற ஆணையைக் கொடுத்து அந்தக் குறிகளை நீக்குங்கள். வைரஸை விட்டுவைத்துக் குறியை மட்டும் நீக்கினால், அது மறுபடியும் ஒளித்துவிடும்.

இரண்டாவது, அழிப்பது. நூலகத்தில் கேட்டலாக் கார்டைக் கிழித்துப் போட்டாலும் புத்தகம் அலமாரியில் இருக்குமல்லவா? பென் டிரைவிலும் அப்படித்தான். அழித்த ஃபைலின் பெயருக்கு எதிரே "இந்த இடம் காலி" என்று குறிக்கப்படுகிறது. உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். அதன்மேல் வேறு எதையாவது எழுதினால்தான் போகும். எனவே அந்த டிரைவில் ஒரு சின்ன ஃபைலைக்கூட சேமிக்காதீர்கள். மீட்பு மென்பொருளையும் அதில் நிறுவக்கூடாது, மீட்டதையும் வேறு டிரைவில்தான் வைக்கணும். 'போட்டோரெக்' இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது ஃபைல்களின் பழைய பெயர்களைத் தராது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிற பொறுமை வேண்டும். இன்னொன்று: இன்றைய லேப்டாப்களில் இருக்கும் எஸ்எஸ்டி, அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடும். அங்கே இந்த வித்தையைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

மூன்றாவது, உருமாற்றுவது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வந்த 'ஐ லவ் யூ' வைரஸ், படங்களின் மேல் தன்னையே எழுதிவைத்தது. எம்பி3 பாட்டுகளை ஒளிக்க மட்டும் செய்தது. ஒரே வைரஸ்தான், பாட்டுகளை மீட்க முடிந்தது, படங்கள் போனது போனதுதான்.

2017 மே மாதம் பரவிய 'வானாக்ரை' ஃபைல்களைச் சங்கேதமாக்கிப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அப்படி நேர்ந்தால் உடனே நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். 2016-இல் டச்சுப் போலீசும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், சில வகைகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கும். இன்று சாவி இல்லையென்றாலும் பூட்டிய ஃபைல்களை அழித்துவிடாதீர்கள்; பின்னால் வரலாம். பணம் கட்டினால் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2017 ஜூனில் வந்த 'நாட்பெட்யா' பணம் கேட்டதே தவிர, திறந்து கொடுக்க அதில் வழியே இல்லை.

அந்த நாட்பெட்யாவில் அடிபட்டது மெர்ஸ்க் என்ற மாபெரும் கப்பல் நிறுவனம். 4,000 சர்வர்கள், 45,000 கணிப்பொறிகளில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. பயனர் கணக்குகளை வைத்திருந்த சர்வர்கள் ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தன. எல்லாம் இணைப்பில் இருந்ததால் சேர்ந்தே அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது. கானா நாட்டு அலுவலகத்தில் அந்த நேரம் கரண்ட் இல்லை! அந்த ஒரு பிரதியை வைத்துத்தான் மீண்டார்கள்.

நாம் கரண்ட் கட்டை நம்பி இருக்க வேண்டாம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது இத்துறையில் சொல்கிற கணக்கு. அதில் ஒன்றையாவது கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதையும் வைரஸ் பூட்டிவிடும்.

இது தம்பிகளுக்கு மட்டுமில்லை, என் வயது நண்பர்களுக்கும்தான். ரிப்போர்ட்டை ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரும்ப எழுதிவிடலாம். நம்மில் எத்தனை பேர் வீட்டில், இப்போது இல்லாத அப்பாவின், அம்மாவின் படங்கள் ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன? அவற்றைத் திரும்ப எடுக்க முடியாது. ஊருக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு பிரதி எடுத்து அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.