மடக்குக் கத்தி வாங்குவோர் கவனத்திற்கு
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



மடியில் மடக்குக் கத்தி வைத்திருப்பது நம்மவர் பலருக்கும் வழக்கம். பாக்கு நறுக்க, கயிறு அறுக்க, உரமூட்டைத் தையல் பிரிக்க அது உதவுகிறது.

வாங்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். அலகு 3 அங்குலம் போதும். விரித்ததும் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டில்லாதது அழுத்தும்போது மடங்கி விரலை வெட்டிவிடும். துருப்பிடிக்காத எஃகே நல்லது. மழையும் வியர்வையும், பாலை உறைய வைக்கும் அமிலமும் சாதாரண எஃகைத் தின்றுவிடும். பொத்தானை அழுத்தியதும் பாய்ந்து விரியும் கத்தி வேண்டவே வேண்டாம். அதை வேலைக் கத்தி என்றால் யாரும் நம்பமாட்டார்.

"தற்காப்புக்கும் ஆகுமே!" என்கின்றனர் இளைஞர் சிலர். ஆகாது, தம்பிகளே! அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், ஆபத்தான ஆயுதங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டு மலேசியச் சட்டத்தின் 6-ஆம் பிரிவைக் கேளுங்கள். சட்டப்படியான காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஆகவே வேலைக் கத்தி வேலையோடு இருக்கட்டும். பட்டணத்துக்குப் படம் பார்க்கப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

தற்காப்புரிமையைத் தண்டனைச் சட்டம் மறுக்கவில்லை. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்ய அது இடம் தருவதில்லை. சில்லறைச் சண்டையில் கத்தியை உருவினால் ஒருவன் சுடுகாட்டுக்கும் மற்றவன் சிறைக்கும் போவான். இரண்டு குடும்பங்கள் தெருவில் நிற்கும்.

விடியுமுன் தனியே வெட்டுக்குப் போகும் சகோதரிகளின் அச்சம் உண்மையானது. இருவர் இருவராகச் செல்லுங்கள். பாதைக்கு விளக்குக் கேட்டு நிர்வாகத்திடம் பேசுவது சங்கத்தின் கடமை. அத்தீர்மானத்தை இன்றே நிறைவேற்றுவோம்.