கூண்டுக்குள் இருக்கும் அட்டவணை



1895-இல் டிராம் ஓடத் தொடங்கிய பட்டணம் நம் சென்னை. 1953-இல் டிராம் நின்று, 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்து, இன்று 3,000 பஸ்களுக்கு மேல் ஓடி, நாளொன்றுக்கு 30 லட்சம் ஜனங்களை, கூடவே இருக்குமே தவிரக் குறையாது, சுமந்து செல்லும் இந்நகரத்தில், அடுத்த வண்டி எத்தனை மணிக்கென்று சொல்லும் பலகை எத்தனை நிறுத்தங்களில் இருக்கிறது? கை தட்டுகிறீர்கள், பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-க்குக் காத்து நின்ற கைகளே இத்தனை பலமாகத் தட்டும்!

அட்டவணை இல்லாமலா பஸ் ஓடுகிறது? டெப்போவில் இருக்கிறது, டைம் கீப்பர் கூண்டில் இருக்கிறது. பல நிறுத்தங்களில் ஜனங்களின் கண்ணுக்குத்தான் எட்டவில்லை.

ஒரு டைம் கீப்பரை நான் அறிவேன். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். கூண்டுக்கு வெளியே ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்து, அடுத்துப் புறப்படும் மூன்று வண்டிகளின் நேரத்தைச் சாக்கட்டியால் எழுதுவார். வண்டி ரத்தானால் அந்த நேரத்தின்மேல் ஒரு கோடு கிழிப்பார். இருபது நிமிஷம் அவகாசம் உண்டென்று கண்ட அம்மாள், எதிர்க்கடையில் இரண்டு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு சாவதானமாக வந்து ஏறுவாள்.

"இந்த நெரிசலில் அட்டவணையாவது, மண்ணாங்கட்டியாவது!" என்று சில மேதாவிகள் பரிகசிக்கிறார்களாம். ஆறு மணிக் கூட்டத்தை எட்டரைக்குத் தொடங்கும் கனவான்கள்! அவர்கள் தலைவர் மேடையேறியபோது பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாரே! சரி, விடுவோம், மனம் வரவில்லை, இருந்தாலும் விடுவோம்.

நெரிசல் கேள்விக்கு வருவோம். சிக்னலில் ஐந்து நிமிஷம் பிந்திய வண்டிக்கு அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் பெருகுகிறது. அத்தனை பேரும் ஏறுவதற்குள் அது இன்னும் பிந்துகிறது. பின்னால் வரும் வண்டி காலியாக வந்து அதை எட்டிப் பிடிக்கிறது. அரைமணி நேரம் ஒன்றுமில்லாமல், பிறகு மூன்று ஒன்றாக வரும் ரகசியம் இதுவே. நெரிசல் வேளைக்கு ஓர் ஓட்ட நேரம், நடுப்பகலுக்கு வேறொன்று என்று வகுத்து, குறித்த சில நிறுத்தங்களில் நேரத்துக்கு முன் வண்டி கிளம்பலாகாதென்று விதித்து, முனையத்தில் டிரைவர் ஒரு டீ குடிக்க அவகாசமும் தந்தால், அட்டவணை தானே நிற்கும்.

அந்த டைம் கீப்பர் ஓய்வு பெற்றார். மறுநாளே பலகையும் போயிற்று. ஒரு நல்ல மனிதரின் தயவில் கிடைத்ததை, எவர் கூண்டில் உட்கார்ந்தாலும் கிடைக்கும் உரிமையாக்குங்கள் என்பதே நம் தீர்மானம். ஆதரிப்போர் கை தூக்குங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று தெரியாதவர்கள் இரண்டு கையையும் தூக்கலாம்!