நிற்க வல்லவர் நிற்க!

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீதியில் செல்வோரின் உயிர்க்காப்பைப் பற்றிப் பேச எழும்போது நம் நினைவுக்கு வருவது திருவாரூர் வீதியே. பெரியபுராணம் கூறும் அவ்வரலாற்றை இச்சபையில் அறியாதார் இலர். அரசிளங்குமரனின் தேர்க்காலில் கன்றொன்று தானே பாய்ந்து மாண்டது. "கன்றுதானே குறுக்கே வந்தது, அதன் விதி அது" என்று மனுவேந்தன் வழக்கைத் தள்ளிவிட்டானா? இல்லை. தேரை ஓட்டியவன்மீதே பொறுப்பைச் சுமத்தினான். நாமோ வீதியில் ஓர் உயிர் போனால் "தலைவிதி" என்று சொல்லி வீடு திரும்புகிறோம். இது சைவர்க்கு அழகாகுமா?

நிற்க வல்லவரே நிற்க வேண்டும் என்பதே அவ்வரலாறு நமக்குத் தரும் நீதி. நமது ஒழுங்கைகளின் முகப்பை வேலியும் மதிலும் மறைக்கின்றன. அங்கிருந்து ஒரு சிறுபிள்ளையோ மிதிவண்டியோ எக்கணமும் வெளிப்படலாம். மோட்டார்ச் சைக்கிளின் வேகத்தை இரட்டித்தால், தடையை அழுத்திய பின் அது ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே, முகப்பைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பது ஓட்டுபவரின் கடன். நடைபாதையில்லாத வீதியில் வலப்புறமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடப்பது நடப்பவரின் கடன். இரவில் சந்நிதிக்கு நடந்து செல்லும் அடியார்கள் இதனை மறத்தலாகாது.

ஆனால், நினைத்தவுடன் நிற்க இயலாத ஊர்தி ஒன்றுண்டு. அது புகையிரதம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருவது பத்து விநாடியில் 160 மீற்றருக்கு மேல் கடந்துவிடும். சாரதி நம்மைக் கண்டாலும் விலக முடியாது. உடனே நிறுத்தவும் முடியாது. அங்கே நிற்க வல்லவர் நாமே.

1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, போரினால் 1990இல் நம்மூருக்கு வருவதை நிறுத்தியது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் தண்டவாளமற்ற மேடு நம் ஊரவர்க்கு நடைபாதையாயிற்று. புகையிரதம் மீண்டது, பழக்கம் மாறவில்லை. கடவைகளில் உயிர்கள் பறிபோயின.

தோழர்களே! கடவையில் படலை இல்லாவிடினும் நிற்போம், இருபுறமும் பார்ப்போம், காதிலுள்ள பாட்டுக் கருவியைக் கழற்றிச் செவிகொடுப்போம். மூடிய படலைக்குக் கீழே நுழையோம். பெரியோர்களே! "கெதியாய் வா" என்று பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள். "கவனமாய் வா" என்று சொல்லி அனுப்புங்கள்.

சிரமதானத்துக்கு நம் சங்கத்திற் குறைவில்லை. அடுத்த முறை ஒழுங்கை முகப்புகளை மறைக்கும் பற்றைகளை வெட்டுவோம். கோயில் வீதியைக் கூட்டுவதைப்போல இதுவும் தொண்டே.