அப்பாவின் சீவுளி



இலக்கியத் தொடரில் தமிழாசிரியன் தச்சுக் கருவியைப் பற்றிப் பேசலாமா என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். பேசாதிருந்ததுதான் என் பிழை. அதனைத் திருத்திக்கொள்ளவே இன்று வந்திருக்கிறேன்.

என் மேசைமீது மூன்று சீவுளிகள் இருக்கின்றன. தமிழகத்தில் இவற்றை இழைப்புளி என்பர். மூன்றும் கண்டியில் தச்சு வேலை செய்த என் அப்பாவினுடையவை. ஒன்று நீண்ட மரச் சீவுளி. பலகையின் ஓரத்தை நேராக்குவதற்கானது. இரண்டாவது, இரும்பாலான ஸ்டான்லி ஐந்தாம் இலக்கம், பதினான்கு அங்குல நீளம். லெனாட் பெய்லி என்ற அமெரிக்கர் அமைத்த சீவுளிகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கிக்கொண்டது. திருகைத் திருப்பினால் அலகு மயிரிழை அளவுக்கு ஏறும், இறங்கும்.

ஆனால் அப்பாவுக்கு விருப்பமானது மூன்றாவது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய மரச் சீவுளி. அதில் திருகு இல்லை; ஆப்பு மட்டுமே. அலகின் தலையில் தட்டினால் இறங்கும்; கட்டையின் பின்புறம் தட்டினால் ஏறும். எவ்வளவு தட்டுவது என்பதைக் காதுதான் சொல்லும். பலா மரம் இணங்கிக் கொடுக்கும். முதிரையின் நாரோ ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னி ஓடுவது; அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். “மரம் எந்தப் பக்கம் போகுதெண்டு முதலிலே பார் தம்பி” என்பார். பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும்போது இதைவிட நல்ல அறிவுரை எனக்குக் கிடைத்ததில்லை.

ஒருமுறை என்னை எம்பக்கே தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றார். கதிர்காமக் கடவுளுக்கு உரிய அந்தக் கோயில் பதினான்காம் நூற்றாண்டில், கம்பளை அரசர் காலத்தில் எழுந்தது. எல்லோரும் தூண்களின் சிற்பங்களைப் பார்த்தார்கள். அப்பா கூரையைப் பார்த்தார். இருபத்தாறு கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து பொருந்தும் இடம் அது. “உள்ளுக்குள்ளே இருக்கிற முகம் ஒருத்தருக்கும் தெரியாது. அது சமமில்லாட்டி எல்லாம் விழும்” என்றார். அக்கோயிலின் தலைமைத் தச்சர் தெல்மட மூலாச்சாரி என்பது மரபு. மூலாச்சாரி என்ற சிங்களச் சொல்லுக்குள் நம் ஆசாரியும் இருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

கண்டியக் கைவினைஞரின் பெருமையை 1908இல் நூலாக்கி உலகுக்குச் சொன்னவர் ஆனந்த குமாரசுவாமி. அந்நூலைப் பேராதனையில் படித்தபோது நான் வியந்தேன். வீட்டில் இருந்த கைவினைஞரை நினைத்து வியக்கத் தோன்றவில்லை.

சிங்கள அயலவர்கள் அப்பாவை ‘பாஸ் உன்னஹே’ என்று மரியாதையோடு அழைத்தனர். அவரது தொழிலைச் சொல்லக் கூசியவன் மகனாகிய நான்தான். உயர்கல்விக்கு விண்ணப்பித்தபோது, ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். கையொப்பத்துக்காக அவரிடம் நீட்டினேன். அப்பா நிதானமாக வாசிக்கிறவர். அந்த இடத்தில் அவரது விரல் சற்று நின்றது. பிறகு ஒப்பமிட்டுத் தந்துவிட்டு, பட்டறைக்குப் போனார். அன்று இருட்டும்வரை சீவுளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதைப் பற்றி அவர் ஒருபோதும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்று சொல்வதைக் கேட்க அவர் இல்லை.

அந்தச் சிறு சீவுளியை நேற்றுத் தீட்டுகல்லில் தீட்டி, ஒரு பலாத் துண்டில் ஓட்டிப் பார்த்தேன். முதற் சீவல் கிழிந்தது. பலகையைத் திருப்பிப் போட்டேன். அடுத்தது நீளமாகச் சுருண்டு வந்தது.

நேயர்களே, அந்தப் படிவத்தை இனித் திருத்த இயலாது. ஆகவே இங்கே திருத்துகிறேன். தந்தையின் தொழில்: தச்சு.