மணிக்கூண்டில் ஒரு கணக்கு
(விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்குத் தந்த தலைப்பு 'ஆலய மணி'. மூவேளைச் செபத்துக்கு ஒலிக்கும் மணியைப் பற்றி இங்குள்ள சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆகவே, மணியடிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டு, அதற்குக் கணக்கும் எழுதி வைக்கும் இங்கிலாந்து மக்களைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

அங்கே ஒவ்வொரு மணியும் ஒரு முழுச் சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வாய் மேல்நோக்கி நிற்கும் மணி, கயிற்றின் ஓர் இழுப்பில் முழு வட்டம் சுற்றி, மீண்டும் வாய் மேல்நோக்க வந்து நிற்கும். பெரிய மணிகள் டன் கணக்கில் எடை. இவற்றைக் கொண்டு பாட்டு வாசிக்க முடியுமா? வரிசையில் ஓரிடம் முன்னே, அல்லது ஓரிடம் பின்னே நகர்த்தலாம், அவ்வளவே. அந்த இயலாமையிலிருந்தே ஒரு கலை பிறந்துவிட்டது! ஒருமுறை அடித்த வரிசை மறுபடி வரலாகாது என்பது அதன் சட்டம். 7 மணிகளுக்கு 5,040 வரிசைகள்; அடித்து முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம். 12 மணிகளானால் 47,90,01,600 வரிசைகள். இரவு பகல் ஓயாமல் அடித்தாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகும். தாளைப் பார்த்து அடிப்பது வழக்கமில்லை. எல்லாம் மனப்பாடம்.

ஐயாயிரம் வரிசைகளுக்குக் குறையாமல் அடித்தால் அதற்குப் 'பீல்' என்று பெயர். 1715-இல் நார்விச் நகரின் புனித பேதுரு மன்க்ராஃப்ட் ஆலயத்தில் அடித்ததே முதலாவது என்பது பொதுவான கருத்து. நாள், நேரம், யார் எந்த மணி என்றெல்லாம் பலகையில் எழுதி மணிக்கூண்டுச் சுவரில் மாட்டினார்கள். 8 மணிகளின் 40,320 வரிசைகளையும் 1761-இல் கென்ட் மாநிலத்து லீட்ஸ் ஊரில், ஆள் மாற்றி ஆள் நின்று, 27 மணி நேரத்தில் முடித்தார்கள். 1963-இல் லஃப்பரோ மணி வார்ப்பாலையில் எட்டுப் பேர், ஒருவர்கூடக் கயிற்றை விடாமல், 17 மணி நேரம் 58 நிமிடத்தில் அதையே செய்து முடித்தார்கள்.

ஆயினும் நம்மை வியக்க வைப்பது வேறொன்று. பந்தயத்துக்கு நடுவர் உண்டு, இங்கே யாருமில்லை. ஒரே ஒரு வரிசை திரும்ப வந்திருந்தாலும் அந்தப் பீல் 'பொய்'. ஆண்டுகள் கழித்து எவராவது தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துப் பிழை கண்டால், பதிவு செல்லாது. அன்று சிந்திய வியர்வை போனது போனதுதான். இன்று கணிப்பொறி முன்கூட்டியே வரிசைகளைச் சரிபார்த்துவிடுகிறது. ஆனால் அவ்வாறே அடித்தோமா என்பதற்கு இன்றும் அடித்தவர்களின் வாக்கே சாட்சி.

இவர்கள் எல்லோரும் பக்தர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கூண்டிலேயே பீர்க் குடம் வைத்திருந்தவர்களும், மணியடித்துவிட்டு வழிபாட்டுக்கு நில்லாமல் நழுவியவர்களும் அக்காலத்தில் உண்டு! இத்தகைய கூண்டுகளில் பெரும்பாலானவை ஆங்கிலிக்கன் சபையுடையவை. நம் சபையிலும் பக்ஃபாஸ்ட் மடத்திலும், டப்ளின் நகரின் அகுஸ்தீன் சபையார் ஆலயத்திலும் இவ்வகை மணிகள் உள்ளன.

முதல் உலகப் போரில் இக்கலைஞர்களில் 1,400 பேருக்கு மேல் மாண்டனர். அவர்கள் பெயர் எழுதிய ஏடுகள் இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் இருக்கின்றன. 2018-இல், போர் முடிந்த நூற்றாண்டு நிறைவில், அவர்கள் இடத்துக்கென்று புதியவர்களை அழைத்துப் பயிற்சி தந்தார்கள். நினைவு நாளில் மணி நாக்கின் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டுவார்கள். ஓர் அடி தெளிவாகக் கேட்கும். மறு அடி தொலைவிலிருந்து வரும் எதிரொலிபோல் கேட்கும்.